வீட்டில் இரண்டு மானிட்டர், ஆபீஸில் ஒன்று, கையில் ஒரு லேப்டாப்: உங்கள் கான்ஃபிக் (அமைப்பு) கோப்புகளை எப்படி வைத்திருக்கிறீர்கள்?

பாலக்கோட்டான் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. வாரத்தில் 3 நாள் பாலக்கோட்டில் வீட்டிலிருந்து வேலை, 2 நாள் பெங்களூர் ஆபீஸ். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப் 14 இன்ச், 1920க்கு 1080. வீட்டு மேசையில் இடது பக்கம் 24 இன்ச் மானிட்டர், அதுவும் 1920க்கு 1080தான், யூஎஸ்பி-சி-யிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் கேபிள். வலது பக்கம் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய 19 இன்ச் பழைய மானிட்டர், 1280க்கு 1024, அதை நெட்டுக்குத்தாகத் திருப்பி வைத்து லாக் (நிரல்கள் எழுதும் பதிவு) படிக்கிறேன். அதில் விஜிஏ மட்டும்தான் இருக்கிறது, அதனால் நடுவில் ஒரு எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வர்ட்டர். ஆபீஸில் யாருக்கு எந்த இடம் கிடைக்கிறதோ அங்கே உட்கார வேண்டும், எல்லா மேசையிலும் ஒரு டாக் (மானிட்டர், மற்ற சாதனங்களை ஒரே கேபிளில் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி), ஒரு 27 இன்ச் 4கே மானிட்டர்.

டெபியன் லினக்ஸ், ஜன்னல்களை அடுக்க ஐ3, அதற்கு அடியில் திரையில் படம் காட்டும் எக்ஸ்11. மானிட்டர் அமைப்புக்கு எக்ஸ்ரேண்டர் கட்டளை வரிகளை எழுதி வீட்டுக்கு ஒரு ஸ்கிரிப்ட், ஆபீஸுக்கு ஒரு ஸ்கிரிப்ட். இது ஒரு வாரம் ஓடும், மறுவாரம் ஓடாது. ஆபீஸில் மானிட்டருக்கு டிபி-1-1 என்று இருந்த பெயர் அடுத்த மேசையில் டிபி-2-1 ஆகிவிடுகிறது. வீட்டில் கரண்ட் போனால் திறந்து வைத்த ஜன்னல் எல்லாம் லேப்டாப் திரையில் வந்து குவிகின்றன, கரண்ட் வந்த பிறகும் அவை பழைய இடத்துக்குப் போவதில்லை. சில நாள் அந்த 19 இன்ச் மானிட்டர் 1024க்கு 768 மட்டும்தான் காட்டுகிறது.

இதற்கு நடுவில் அடுத்த மாதம் புது லேப்டாப் வருகிறது. 6 வருட கான்ஃபிக் ஒரு கிட் ரெப்போவில் (மாற்றங்களின் வரலாற்றோடு கோப்புகளை வைக்கும் களஞ்சியம்) கிடக்கிறது, ஸ்டோ என்ற நிரலை வைத்து, கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் சிம்லிங்க் போட்டிருக்கிறேன். இன்றைக்கு எவை மாறின என்று கிட் ஸ்டேட்டஸ் போட்டுப் பார்த்தால் 40 கோப்புகளுக்கு மேல் மாறியிருக்கின்றன, பெரும்பாலானவை நான் தொட்டதாக ஞாபகமே இல்லை. அவற்றில் எது என்னுடையது, எது நிரல் தானாக எழுதியது என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தொப்பூர்_கணவாய் எழுதியது:

நான் இதை எல்லாம் விட்டுச் சில வருடம் ஆகிறது. இப்போது கேடிஇ பிளாஸ்மா டெஸ்க்டாப், எக்ஸ்11-க்குப் பதில் வேலண்ட். மானிட்டரைச் செருகினால் போன முறை எப்படி வைத்தேனோ அப்படியே வருகிறது, ஒரு வரி எழுதவில்லை. ஹோம் கோப்புறையை வாரம் ஒரு முறை ஆர்சிங்க் கட்டளையில் பிரதி எடுத்து வெளி டிஸ்க்கில் வைக்கிறேன். புது லேப்டாப் வந்தால் அதை அப்படியே கொட்டிவிடுவேன். சம்பளம் கொடுக்கிறவன் உங்கள் வேலைக்குத்தான் கொடுக்கிறான், ஐ3 கான்ஃபிக்குக்கு அல்ல. உங்கள் வயதில் நானும் ராத்திரி 1 மணி வரை இதில் உட்கார்ந்திருக்கிறேன் தம்பி, அதனால்தான் சொல்கிறேன்.

ஓசூர்_கர்னல் எழுதியது:

பாலக்கோட்டாரே, நீங்கள் சொன்னதைப் பார்த்தால் ஒரே மூட்டையில் மூன்று வகைச் சரக்கைக் கட்டி வைத்திருக்கிறீர்கள், எது எதோடு உரசுகிறது என்று தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

முதல் வகை உங்கள் பழக்கம். எந்த விசையை அழுத்தினால் டெர்மினல் திறக்க வேண்டும், விம் எடிட்டரில் டேப் எத்தனை இடம், கட்டளை தட்டும் ஷெல்லில் என்னென்ன சுருக்கப் பெயர். இது எந்தக் கணினிக்குப் போனாலும் உங்களோடு வர வேண்டியது. இரண்டாவது மேசையின் நிலவரம்: எந்த மானிட்டர் எந்தப் பக்கம், எது திருப்பி வைத்தது, எழுத்து எவ்வளவு பெரியது. இது உங்களுடையது அல்ல, அந்த மேசையுடையது. மூன்றாவது நிரல்கள் தாங்களே எழுதிக்கொள்ளும் நினைவுக் குறிப்பு. கடைசியாக ஜன்னல் எந்த அளவில் இருந்தது, எந்தக் கோப்பைத் திறந்தீர்கள் என்பது மாதிரி. இந்த மூன்றாவதை ரெப்போவுக்குள் விடவே கூடாது. உங்கள் 40 மாற்றங்களில் முக்கால்வாசி இதுவாகத்தான் இருக்கும்.

ஸ்டோவில் ஒரு விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. ஹோமில் அமைப்புகள் இருக்கும் டாட் கான்ஃபிக் கோப்புறைக்குள் ஒரு நிரலுக்கான கோப்புறையே இல்லாத நேரத்தில் ஸ்டோ போட்டால், அது ஒவ்வொரு கோப்பாக சிம்லிங்க் போடாது, முழுக் கோப்புறைக்கும் ஒரே சிம்லிங்க் போட்டுவிடும். இதைக் கோப்புறையை மடிப்பது என்பார்கள். அதன் பிறகு அந்த நிரல் தன் கோப்புறையில் எதை எழுதினாலும் அது நேராக உங்கள் ரெப்போவுக்குள் வந்து விழும். நோ-ஃபோல்டிங் என்ற விருப்பத்தைச் சேர்த்து ஸ்டோ செய்யுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. பல நிரல்கள் ஒரு கோப்பைச் சேமிக்கும்போது பக்கத்தில் தற்காலிகக் கோப்பு ஒன்று எழுதி, அதைப் பழைய பெயருக்கு மாற்றிவிடும். பாதியில் கரண்ட் போனாலும் கோப்பு சிதையக் கூடாது என்பதற்காகச் செய்வது, நல்ல வழக்கம்தான். ஆனால் அங்கே உங்கள் சிம்லிங்க் இருந்தால் அது போய்விடும், அதன் இடத்தில் சாதாரணக் கோப்பு உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் ரெப்போவில் திருத்திக்கொண்டே இருப்பீர்கள், நிரல் வேறு கோப்பைப் படித்துக்கொண்டிருக்கும். மாதம் ஒரு முறை எந்த சிம்லிங்க் கோப்பாக மாறியிருக்கிறது என்று பாருங்கள்.

இப்போது மானிட்டர். டிபி-1-1 என்பது மானிட்டரின் பெயர் அல்ல, அது கேபிள் வரும் வழியின் பெயர். டாக் மாறினால், லேப்டாப்பில் செருகும் துளை மாறினால், சில நேரம் ஒரு முறை பிடுங்கிச் செருகினால்கூட அந்த எண் மாறும். எக்ஸ்11-இல் இன்டெல் கிராபிக்ஸ் டிரைவருக்குப் பதில் பொதுவான மோட்செட்டிங் டிரைவர் வந்தாலே எச்டிஎம்ஐ1 என்பது எச்டிஎம்ஐ-1 ஆகிவிடும், நடுவில் ஒரு கோடு வந்ததற்கே உங்கள் ஸ்கிரிப்ட் படுத்துவிடும். ஊருக்கு வழி சொல்லும்போது பஸ் நம்பரை மட்டும் சொல்வது மாதிரிதான் இது, வீட்டைச் சொல்ல வேண்டும்.

மானிட்டருக்கென்று சொந்த அடையாளம் இருக்கிறது, இடிஐடி. 128 பைட் கொண்ட சின்னத் தொகுப்பு. தயாரித்தவருக்கு மூன்றெழுத்துக் குறி, மாடல் எண், வரிசை எண், தயாரித்த ஆண்டு, எந்தெந்த அளவில் படம் காட்டும் என்பது எல்லாம் அதில் இருக்கும். ஆட்டோரேண்டர் என்ற நிரல் இதைப் பார்த்துத்தான் எந்த மேசை என்று கண்டுபிடிக்கிறது. வீட்டில் எல்லாவற்றையும் சரியாக அடுக்கி வைத்து 'வீடு' என்று ஒரு முறை சேமியுங்கள், ஆபீஸில் 'ஆபீஸ்' என்று சேமியுங்கள். பெயர் மாறினாலும் இடிஐடி-யை வைத்துப் பொருத்து என்று சொல்ல மேட்ச்-இடிஐடி என்ற விருப்பம் இருக்கிறது, டாக் வைத்திருப்பவர்களுக்கு அது கட்டாயம். ஆனால் ஆபீஸில் ஒவ்வொரு மேசையிலும் வேறு மானிட்டர் என்பதால் ஒவ்வொன்றுக்கும் இடிஐடி வேறு, முதல் முறை உட்காரும்போது ஒவ்வொரு மேசையையும் சேமிக்கத்தான் வேண்டும். 4 மேசை சேமித்தால் அப்புறம் நிம்மதி.

காவேரிப்பட்டணம்_டிடிபி எழுதியது:

நான் விண்டோஸ்தான், உங்கள் ஐ3 எல்லாம் தெரியாது. ஆனால் இந்தத் தொல்லை எங்களுக்கும் அப்படியே உண்டு என்பதால் எழுதுகிறேன். கடையில் இரண்டு மானிட்டர், ஒன்று என் பக்கம், ஒன்று கஸ்டமர் பக்கம் திருப்பி வைத்தது. கல்யாணப் பத்திரிகை, மாம்பழக்கூழ் டப்பா லேபிள் எல்லாம் அவர்கள் கண் முன்னாடியே பிழை பார்த்து முடித்துவிடலாம். முதலில் டூப்ளிகேட் முறையில் வைத்திருந்தேன், இரண்டு மானிட்டரும் வேறு வேறு அளவு என்பதால் இரண்டிலும் பொதுவாக இருக்கிற அளவுக்கு இறங்கி என் பக்கம் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. எக்ஸ்டெண்ட் போட்ட பிறகுதான் கண் வலி நின்றது.

கஸ்டமர் பக்க மானிட்டரை அணைத்துவிட்டு வேலை செய்யும் நாளில் சில பெட்டிகள் அந்தத் திரையிலேயே திறந்து நிற்கும், நமக்குத் தெரியாது, நிரல் தொங்கிவிட்டது என்று நினைத்து மூடிவிடுவோம். விண்டோஸ் விசை, ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு அம்பு விசையை அழுத்தினால் அந்த ஜன்னல் இந்தப் பக்கம் வந்துவிடும். இது தெரியாமல் ஒரு லேபிள் வேலையை இரண்டு முறை செய்திருக்கிறேன்.

கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன் தம்பி. நீங்கள் சாஃப்ட்வேரில் தேடுகிறீர்கள், மானிட்டரை இன்வெர்ட்டர் லைனில் போட்டீர்களா? 24 இன்ச் எல்இடி மானிட்டர் 20, 30 வாட்தான் இழுக்கும், ஒரு ஃபேனைவிடக் குறைவு. பெரும்பாலான வீட்டில் இன்வெர்ட்டர் லைட், ஃபேனுக்கு மட்டும்தான் போட்டிருப்பார்கள், மேசைப் பக்கம் இருக்கிற பிளக் பாயின்ட் நேர் லைனில் இருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஒரு பாயின்ட்டை மாற்றச் சொல்லுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இருக்காதே, அன்றைக்கும் ஒரு மானிட்டராவது ஓடும்.

அரூர்_மாணவன் எழுதியது:

அக்கா சொன்னது எனக்கும் பயன்பட்டது, நன்றி. நான் இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். ஸ்டோ எல்லாம் வேண்டாம் என்று ஹோம் கோப்புறையிலேயே கிட் இனிட் போட்டு, புள்ளியில் தொடங்குகிற எல்லாவற்றையும் சேர்த்துப் பொது ரெப்போவாக ஏற்றிவிட்டேன். ஒரே கட்டளையில் முடிந்தது. இதில் தப்பு ஏதாவது இருக்கிறதா அண்ணா?

பென்னாகரம்_ஆசிரியர் எழுதியது:

தம்பி, இதைப் படித்தவுடன் அந்த ரெப்போவைத் தனியார் ரெப்போவாக மாற்று. அப்புறம் மீதியைப் படி.

புள்ளியில் தொடங்குகிற எல்லாம் என்றால் டாட் எஸ்எஸ்எச் கோப்புறையும் போயிருக்கும், வேறு கணினிகளுக்குள் நுழைய உதவும் உன் ப்ரைவேட் கீ (ரகசியச் சாவி) அதில் இருக்கிறது. நீ தட்டிய கட்டளைகளின் பட்டியலான பேஷ் ஹிஸ்டரி போயிருக்கும், எப்போதோ ஒரு கட்டளையில் பாஸ்வேர்டைச் சேர்த்துத் தட்டியிருப்பாய், அதுவும் அதில் இருக்கும். நெட்ஆர்சி என்று ஒரு கோப்பு இருந்தால் அதில் பாஸ்வேர்ட் வெறும் எழுத்தாகவே இருக்கும். பிரவுசர் புரொஃபைல் அதற்கு மேல்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பள்ளிக்கு ஒரு சின்னத் தளம் செய்து கொடுத்தேன், அதற்கு வாடகை சர்வர் ஒன்று எடுத்திருந்தேன். அதன் டோக்கனை (கணக்கைத் திறக்கும் ரகசியச் சாவி) ஷெல் கான்ஃபிக்கில் ஒரு வரியாக வைத்திருந்தேன், கான்ஃபிக்கைப் பொது ரெப்போவில் ஏற்றும்போது கவனிக்கவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் என் கணக்கில் யாரோ 6 சர்வர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பணத்தைத் திரும்ப வாங்கப் பட்ட பாடு பெரிது. இப்படிப் பொது ரெப்போக்களில் சாவி தேடுவதற்கென்றே நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, மனிதர் பார்த்து எடுப்பதல்ல.

அந்தக் கோப்பை அழித்துவிட்டு இன்னொரு கமிட் (மாற்றத்தைப் பதிவது) போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதே, பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். வரலாற்றிலிருந்தே நீக்க கிட் ஃபில்டர்-ரெப்போ என்று கருவி இருக்கிறது, ஆனால் அதற்கும் முன்னாடி செய்ய வேண்டியது அந்தச் சாவியைச் செல்லாததாக்கிப் புதுச் சாவி எடுப்பது. ஒரு முறை வெளியே போன சாவி போனதுதான்.

அரூர்_மாணவன் எழுதியது:

மாற்றிவிட்டேன் சார். எஸ்எஸ்எச் சாவி உண்மையிலேயே போயிருந்தது. புதுச் சாவி எடுத்து, பழையதை எல்லா இடத்திலும் நீக்கிவிட்டேன். கை நடுங்கிவிட்டது.

இன்னொரு கேள்வி, இந்தக் கோப்புகள் எல்லாம் ஏன் புள்ளியில் தொடங்குகின்றன?

ஓசூர்_கர்னல் எழுதியது:

அது திட்டமிட்டு வந்ததல்ல. ஒற்றைப் புள்ளி இப்போதிருக்கும் கோப்புறையையும் இரட்டைப் புள்ளி அதன் மேல் கோப்புறையையும் குறிக்கும். யூனிக்ஸின் ஆரம்ப நாளில் எல்எஸ் கட்டளை இந்த இரண்டையும் பட்டியலில் காட்டாமலிருக்க, முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்து விட்டார்கள். அதனால் புள்ளியில் தொடங்கும் எந்தக் கோப்பும் மறைந்துபோனது, பிறகு எல்லோரும் அந்த ஓட்டையையே வசதியாக்கிக்கொண்டார்கள். யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக் இதைப் பற்றி எழுதியிருக்கிறார், இது ஒரு தவறு என்பதுதான் அவர் கருத்து. ஹோம் கோப்புறை முழுக்கப் புள்ளிக் கோப்புகளாக நிரம்பிய பிறகு எக்ஸ்டிஜி விதிமுறை வந்து, அமைப்பு டாட் கான்ஃபிக்கில், தரவு டாட் லோக்கல் ஷேரில், தூக்கிப்போடக் கூடியது டாட் கேஷில் என்று பிரித்தது. நான் முதலில் சொன்ன மூன்று வகையை ஓரளவு அதுவே பிரித்துக் கொடுக்கிறது, எல்லா நிரலும் ஒழுங்காகப் பின்பற்றினால்.

பாலக்கோட்டான் எழுதியது:

ஞாயிறு முழுக்க உட்கார்ந்தேன். நடந்ததை எழுதுகிறேன்.

ஸ்டோ மடிப்பு நீங்கள் சொன்னது போலவேதான் அண்ணா. 9 கோப்புறைகள் முழுசாக சிம்லிங்க் ஆகியிருந்தன. எல்லாவற்றையும் கழற்றி நோ-ஃபோல்டிங்கோடு திரும்பப் போட்டேன். 40 மாற்றம் 5 ஆகிவிட்டது, அந்த 5-உம் நான் செய்ததுதான். நடுவில் அடாப்ட் என்ற விருப்பத்தைப் போட்டு ஒரு பயம் வந்தது, அது ஹோமில் இருக்கிற கோப்பை எடுத்து ரெப்போவில் இருப்பதன் மேல் வைத்துவிடுகிறது. முன்னாடியே கமிட் செய்திருந்ததால் கிட் டிஃப் பார்த்து மீட்டுக்கொண்டேன். அடாப்ட் போடும் முன் கமிட் செய்யாமல் யாரும் தொடாதீர்கள்.

ஆட்டோரேண்டரில் 24 இன்ச் உடனே பிடித்துக்கொண்டது. 19 இன்ச் மானிட்டருக்கு மட்டும், இணைந்திருக்கிறது ஆனால் இடிஐடி கிடைக்கவில்லை என்கிற மாதிரி ஒரு வரி எழுதியிருக்கிறது. எல்லா நாளும் இல்லை, சில நாள் மட்டும். கன்வர்ட்டரைப் பிடுங்கிச் செருகினால் வருகிறது.

ஓசூர்_கர்னல் எழுதியது:

1024க்கு 768 புதிர் அங்கேதான் அவிழ்கிறது. இடிஐடி கிடைக்காவிட்டால் லினக்ஸின் மையமான கர்னலுக்கு அந்த மானிட்டர் எது என்றே தெரியாது, எதற்கும் ஆபத்தில்லாத 1024க்கு 768 வரைதான் துணிந்து காட்டும். உங்கள் கன்வர்ட்டர் அந்த 128 பைட்டைச் சில நேரம் கடத்துவதில்லை.

இரண்டு வழி. முதல் வழி வேறு கன்வர்ட்டர் வாங்குவது. இரண்டாவது, ஒழுங்காக வேலை செய்கிற நாளில் இடிஐடி-யை ஒரு கோப்பாகப் பிரதி எடுத்து வைத்து, கர்னல் தொடங்கும்போதே இந்தத் துளைக்கு இந்தக் கோப்பைப் படி என்று சொல்லிவிடுவது. அதற்கு டிஆர்எம் டாட் இடிஐடி ஃபர்ம்வேர் என்ற கர்னல் அளவுரு இருக்கிறது, கோப்பை ஃபர்ம்வேர் கோப்புறையில் வைக்க வேண்டும். ஆனால் கவனம், அப்படிச் செய்தால் அந்தத் துளையில் ஆபீஸில் புரொஜெக்டரைச் செருகினாலும் 19 இன்ச் மானிட்டர் என்றே கர்னல் நினைக்கும். அடிக்கடி வெளியே கொண்டுபோகிற லேப்டாப்புக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன்.

கரண்ட் போனால் ஜன்னல் குவிவதற்கும் ஒரு காரணம் உண்டு. டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டர்கள் பலவற்றில் மின்சாரம் நின்றால் மானிட்டர் செருகியிருப்பதைத் தெரிவிக்கும் ஹாட்பிளக் கம்பியில் இருக்கிற மின்னழுத்தமும் விழுந்துவிடும். லேப்டாப்புக்கு அது கேபிளைப் பிடுங்கியது மாதிரியேதான். பேட்டரியில் ஓடும் லேப்டாப் உடனே, மானிட்டர் போய்விட்டது என்று எல்லாவற்றையும் தன் திரைக்கு இழுத்துக்கொள்ளும். டிடிபி அக்கா சொன்ன இன்வெர்ட்டர் பாயின்ட்தான் சரியான தீர்வு. அதோடு ஆட்டோரேண்டரில் போஸ்ட்ஸ்விட்ச் என்று ஒரு ஸ்கிரிப்ட் வைக்கலாம், அமைப்பு மாறி முடிந்ததும் அது ஓடும். அதில் 1 முதல் 4 வரை இருக்கும் ஒர்க்ஸ்பேஸ்களை (ஜன்னல்களின் தொகுதிகள்) 24 இன்ச்சுக்கு நகர்த்து, 9-ஐ நெட்டுக்குத்து மானிட்டருக்கு நகர்த்து என்று ஐ3-க்குச் சொல்லுங்கள்.

தொப்பூர்_கணவாய் எழுதியது:

பாருங்கள், ஒரு ஞாயிறு போய்விட்டது. பிளாஸ்மாவில் இது எதுவும் இல்லை.

ஓசூர்_கர்னல் எழுதியது:

அண்ணே, உங்கள் பேச்சில் பாதி எனக்கும் சம்மதம். மானிட்டர் அமைப்பை டெஸ்க்டாப்பிடமே விடலாம், அது மேசையின் நிலவரம்தானே. 14 இன்ச்சில் 1920 பிக்சல் என்றால் ஒரு இன்ச்சுக்கு 157 வருகிறது, அதே 1920 பிக்சல் 24 இன்ச்சில் 92தான். எக்ஸ்11-இல் எழுத்து அளவுக்கு ஒரே எண், இரண்டு திரைக்கும் சேர்த்து, ஒன்றில் சரியாக வைத்தால் இன்னொன்றில் பொடியாகவோ பெரிதாகவோ இருக்கும். வேலண்டில் திரைக்கு ஒரு அளவு கொடுக்கலாம். பாலக்கோட்டார் கண்ணுக்காகவே, வேலண்டில் ஓடும் ஐ3 மாதிரியான ஸ்வேக்கு மாறலாம், ஐ3 கான்ஃபிக் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொள்ளும், ஆட்டோரேண்டர் இடத்தில் கன்ஷி.

ஆனால் ஹோமை அப்படியே கொட்டுவது எனக்கு ஒத்துவரவில்லை. உங்கள் கோப்புகளில் அந்த விசை ஏன் மாற்றப்பட்டது, அந்த வரி எதற்கு என்பது எங்கேயும் இல்லை. 4 வருடம் கழித்து பிளாஸ்மாவின் அடுத்த பெரிய பதிப்பு வந்து கோப்பின் வடிவம் மாறினால் எதை வைத்துத் திரும்ப அமைப்பீர்கள்?

தொப்பூர்_கணவாய் எழுதியது:

நியாயம்தான். 2024-இல் பிளாஸ்மா 5-இலிருந்து 6-க்கு வந்தபோது என் விசைச் சுருக்கங்களில் சில போய்விட்டன, எவை என்று ஞாபகப்படுத்தியே ஒரு வாரம் ஆனது. அவற்றை மட்டுமாவது ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருக்கலாம். காகிதத்துக்குப் பதில் உங்கள் ரெப்போ என்று எடுத்துக்கொண்டால் எனக்கு மறுப்பு இல்லை. பெரிதாக வேண்டாம், 10 கோப்புக்கு மேல் போனால் என்னால் பராமரிக்க முடியாது.

பாலக்கோட்டான் எழுதியது:

அண்ணா இரண்டு பேரும் சொன்னதை வைத்து நான் ஒரு வழக்கம் தொடங்கியிருக்கிறேன். மாற்றுகிற ஒவ்வொரு வரிக்கும் மேலே காரணத்தைத் தமிழிலேயே எழுதுகிறேன். உதாரணத்துக்கு, லேப்டாப் மூடியை மூடினால் தூங்கக் கூடாது என்று லாகின்ட் (மூடி, பவர் பட்டனைக் கவனிக்கும் நிரல்) அமைப்பில் ஒரு வரி எப்போதோ போட்டிருந்தேன், ஏன் என்று மறந்துபோய் 3 வருடம் அது கிடந்தது, பைக்குள் வைத்த லேப்டாப் ஓசூர் தாண்டுவதற்குள் சூடாகிவிடும். பார்த்தால் டாக்கிலோ வெளி மானிட்டரிலோ இணைந்திருக்கும்போது மூடியைப் பொருட்படுத்தாதே என்பது ஏற்கெனவே இயல்பு நிலையாகவே இருக்கிறது, என் வரி தேவையே இல்லை. எடுத்துவிட்டேன். ரயிலில் இப்போது பை சூடாவதில்லை.

ஆபீஸ் மேசையில் இன்னொன்று. 4கே மானிட்டரில் மவுஸ் இழுத்தால் பின்தங்கி வருகிறது, பார்த்தால் 30 ஹெர்ட்ஸ்தான் ஓடுகிறது. கான்ஃபிக்கில் 60 எழுதினால் ஏற்கவில்லை. கேபிளை மாற்றிப் பார்த்தாயிற்று.

ஓசூர்_கர்னல் எழுதியது:

அது கான்ஃபிக்கில் தீராது. யூஎஸ்பி-சி-யில் படத்துக்குப் போகக் கூடிய அதிவேகத் தடம் மொத்தம் 4. டாக் அதில் 2-ஐ யூஎஸ்பி 3-க்கு எடுத்துக்கொண்டால் மீதி 2தான் படத்துக்கு. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்தில் 2 தடத்தில் 8.64 கிகாபிட்தான் போகும், 4கே 60 ஹெர்ட்ஸுக்கு 12.5 கிகாபிட்டுக்கு மேல் வேண்டும். அதனால்தான் 30-இல் நிற்கிறது. லேப்டாப், டாக் இரண்டும் டிஸ்ப்ளேபோர்ட் 1.4 என்றால் அதே 2 தடத்தில் 12.96 போகும், 60 கிடைத்துவிடும். புது லேப்டாப் வருகிறது என்றீர்களே, அதில் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். டாக்கும் 1.4 இல்லையென்றால் டாக்கை விட்டுவிட்டு யூஎஸ்பி-சி-யிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு நேர் கேபிள் போடுங்கள், 4 தடமும் படத்துக்கே போகும். இன்னொன்று, எல்லா யூஎஸ்பி-சி துளையிலும் படம் வராது. வாங்கும் முன் துளை பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் குறியோ தண்டர்போல்ட் மின்னல் குறியோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலக்கோட்டான் எழுதியது:

5 வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். புது லேப்டாப் வந்துவிட்டது. ரெப்போவை இறக்கி ஸ்டோ போட்டு ஒன்றே முக்கால் மணி நேரத்தில் வேலைக்கு உட்கார்ந்தேன், போன முறை 2 நாள் ஆனது. ரெப்போவில் இப்போது 'பழக்கம்', 'வீட்டு-மேசை', 'ஆபீஸ்-மேசை' என்று மூன்று கோப்புறை, அவ்வளவுதான். ஐ3-இல் 4.20-இலிருந்து இன்க்ளூட் வசதி இருப்பதால் பொதுக் கோப்பு ஒன்று, அதன் கடைசியில் அந்தந்தக் கணினிக்குரிய சின்னக் கோப்பைச் சேர்த்துக்கொள்கிறது. கிட்டிலும் இன்க்ளூட்இஃப் வைத்து ஆபீஸ் கோப்புறைக்குள் ஆபீஸ் மின்னஞ்சல், மற்ற இடத்தில் என் மின்னஞ்சல். டிஸ்ப்ளேபோர்ட் 1.4 இருக்கிறது, டாக்கிலும் இருந்திருக்கிறது, 60 ஹெர்ட்ஸ் வந்துவிட்டது. கன்வர்ட்டர் புதுசு மாற்றினேன். டிடிபி அக்கா, இன்வெர்ட்டர் பாயின்ட் மாற்றிவிட்டேன், போன பராமரிப்பு நாளில் 24 இன்ச் மதியம் 2 மணி வரை ஓடியது, அதன் பிறகு பேட்டரிக்காக நானே அணைத்தேன்.

தடுமாறியது ஒரே இடத்தில், தமிழ்99 விசைப்பலகை. தமிழ் தட்டப் பயன்படுத்தும் எஃப்சிடிக்ஸ்5-இன் புரொஃபைல் கோப்பை ரெப்போவிலிருந்து சிம்லிங்க் போட்டேன், மறுநாள் தமிழ் போய்விட்டது.

பென்னாகரம்_ஆசிரியர் எழுதியது:

எஃப்சிடிக்ஸ்5 மூடும்போது தன் நினைவில் இருப்பதை அந்தக் கோப்பில் திரும்ப எழுதும். ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் கோப்பை மாற்றினால் மூடும் நேரத்தில் பழையதே வந்துவிடும். முதலில் அதை நிறுத்துங்கள், கோப்பை வையுங்கள், பிறகு தொடங்குங்கள். சிம்லிங்க் வேண்டாம், பிரதியாகவே வையுங்கள்.

அதோடு எந்த எழுத்துரு வர வேண்டும் என்று சொல்லும் ஃபான்ட்கான்ஃபிக் கோப்பையும் ரெப்போவில் சேர்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் புதுக் கணினியில் தமிழுக்கு எந்த எழுத்துரு வரும் என்பது அங்கே என்ன நிறுவியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. மாணவர்களுக்குக் கேள்வித்தாள் தட்டும்போது ஒரு கணினியில் ஒரு மாதிரி, இன்னொன்றில் இன்னொரு மாதிரி தெரிந்து வரி எல்லாம் இடம் மாறியது இதனால்தான்.

பாலக்கோட்டான் எழுதியது:

சேர்க்கவில்லை சார். நிறுத்திவிட்டு வைத்தேன், தமிழ் வந்துவிட்டது, இதை தமிழ்99-இலேயே தட்டுகிறேன். உங்கள் ஃபான்ட்கான்ஃபிக் கோப்பைக் கொஞ்சம் அனுப்ப முடியுமா?

பென்னாகரம்_ஆசிரியர் எழுதியது:

டாட் கான்ஃபிக்கில் ஃபான்ட்கான்ஃபிக் என்ற கோப்புறை, அதற்குள் ஃபான்ட்ஸ் டாட் கான்ஃப். அதில் மொழி தமிழ் என்றால் நோட்டோ சான்ஸ் தமிழை முதலில் வை, அது இல்லாவிட்டால் லோஹித் தமிழ் என்று ஒரு விதி மட்டும் போதும். கோப்பை வைத்ததும் எஃப்சி-மேட்ச் கட்டளையில் தமிழ் மொழிக் குறியைக் கொடுத்து எது வருகிறது என்று பாருங்கள். கோப்பை இன்று இரவு தனிச் செய்தியில் அனுப்புகிறேன். அரூர் தம்பிக்கும் வேண்டுமானால் சொல்லட்டும்.